நம்ம ஊர்க் கலைஞர் விருது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கிற கலைஞர்களுக்கு ஊர்க்காரர்களே சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை விருது கொடுக்கிறோம். பாரம் (பெயரை முன்மொழிகிற படிவம்) கொடுக்கப் போகிற இடத்திலெல்லாம், இரவுச் சந்தையாகட்டும் முடிவெட்டும் கடையாகட்டும் கோயில் அன்னதான வரிசையாகட்டும், அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். மேலிருந்து படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

இது என்ன விருது? எந்தக் கட்சி நடத்துது?

எந்தக் கட்சியும் இல்லை. ஊரில் பாடுகிற, ஆடுகிற, வாசிக்கிற, செய்கிற, எழுதுகிற ஆட்களை ஊர்மக்கள் முன்மொழிவார்கள். ஒரு சின்னக் குழு அவர்களை நேரில் போய்ப் பார்க்கும். ஐந்து பேருக்கு விருது, ஆளுக்கு 500 வெள்ளி (ரிங்கிட்), ஒரு சிஜில் (சான்றிதழ்), தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு சாயங்காலம். அவ்வளவுதான்.

பெஸ்தாரி ஜெயான்னு போட்டிருக்கீங்க, எங்க தோட்டம் அதுல சேருமா?

2007இல் ஊர்ப்பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது, ஆனால் ஊரில் பாதிப் பேர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள், பாரத்திலும் அப்படியே எழுதலாம். தோட்டத்தில் இருந்தாலும் சரி, லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) காலியாகித் தாமானுக்கோ (வீடமைப்புப் பகுதிக்கோ) அடுக்குமாடிக்கோ வந்துவிட்டாலும் சரி, சேரும். இப்போது இருக்கிற தோட்டம், முன்பு இருந்த தோட்டம் இரண்டையும் எழுதுங்கள், ஏனென்றால் ஒரு தோட்டத்து ஆட்கள் பல தாமான்களுக்குச் சிதறிப்போனபிறகு யார் எந்தக் கோஷ்டியில் வாசித்தார்கள் என்பதைத் தேட அதுதான் ஒரே வழி.

கோலாலம்பூரில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் வந்து வாசிக்கிற பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனால் சின்ன வயதில் ஊரைவிட்டுப் போய், அங்கேயே பெயர் வாங்கி, தீபாவளிக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு இந்த விருது வேண்டாம் என்பது என் கருத்து. குழுவில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தச் சண்டை இன்னும் நடக்கிறது.

யாரு கலைஞர்? மேடையில ஏறினாத்தான் கணக்கா?

இல்லை. நாதஸ்வரம், தவில், உறுமி, பரதம், நாடகம், இசைக்குழுப் பாடகர், கவிதை, சிறுகதை, ராப் இவையெல்லாம் யாருக்கும் சந்தேகம் இல்லாதவை. அதற்கு வெளியே இருக்கிறவர்கள்தான் எங்களுக்கு முக்கியம்: காவடி கட்டுகிறவர், பந்தல் ஜோடிக்கிறவர், தோட்டத்துக் கோயில் சாமிக்குக் கண் எழுதி வண்ணம் தீட்டுகிறவர், வண்ண அரிசியில் கோலம் போடுகிறவர், மாலை கட்டுகிற அக்கா, கடைப் பெயர்ப்பலகைகளைத் தூரிகையால் எழுதிய பெரியவர்.

காவடிக்காரரை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். அலுமினியப் பட்டையை முழங்காலில் வைத்து வளைப்பார், அளவுநாடா பக்கத்தில் கிடக்கும், தொடவே மாட்டார். மயிலிறகைக் கண் அளவு பார்த்துத் தனித்தனிக் குவியலாகப் பிரித்து வைத்திருப்பார், பெரிய கண் மேலே, சின்னக் கண் ஓரத்துக்கு. கட்டி முடித்ததும் நேர்த்திக்கடன்காரர் தோளில் ஏற்றி "ஆடு தம்பி" என்பார், எங்கே ஒரு ஆணி கிலுகிலு என்கிறதோ அந்த இடத்தில் விரலை வைத்துவிடுவார். தைப்பூசத்தன்று பத்துமலைக்கு 272 படி ஏறி இறங்கினாலும் தோள்பட்டையில் புண் வராத காவடி அது. இதைக் கலை இல்லை என்று சொல்கிறவரோடு நான் வாதாட மாட்டேன், அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கொட்டகையில் உட்கார வைப்பேன்.

எங்க பாட்டிக்குத் தாலாட்டு, ஒப்பாரி, பால்மரத்துப் பாட்டெல்லாம் தெரியும். படிச்சவங்க இல்ல. அதுக்கெல்லாமா விருது?

முதலில் அவர்களுக்குத்தான். பாட்டிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, தவில்காரத் தம்பிக்கு அடுத்த வருஷமும் இருக்கிறது. பேரனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பினால் போதும். "பாடுங்க பாட்டி" என்று சொன்னால் பாடமாட்டார்கள், தெரியாது என்பார்கள். ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) பிள்ளைகளை எப்படித் தூங்கவைத்தீர்கள், விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போகும்போது என்ன பேசிக்கொண்டு போவீர்கள் என்று கேளுங்கள், பாட்டு தானாக வரும்.

இன்னொன்று சொல்கிறேன். நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கு எண்ணெய்ப்பனை நட்டது நம்ம தென்னமரம் தோட்டத்தில், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. அவர் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசை வாங்கினார். அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை, நல்லா எழுதினார், வாங்கினார். அதே தோட்டத்தில் பாடிக்கொண்டே வேலை செய்தவர்களின் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலில் இருக்கிறது?

நானே என் பேரைக் கொடுக்கலாமா? கூச்சமா இருக்குண்ணே.

கொடுக்கலாம். கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரை எழுதச் சொல்லுங்கள், மனைவி கணவருக்காகவும் மாணவர் ஆசிரியருக்காகவும் எழுதலாம். ஒரே ஆளுக்கு நாற்பது பாரம் வந்தாலும் ஒரு பாரம்தான் கணக்கு. இது ஓட்டுப் போடுகிற போட்டி இல்லை, ஆகையால் வாட்சாப்பில் ஆதரவு கேட்டு அலைய வேண்டாம்.

பாரம் மலாய்லயா தமிழ்லயா? எனக்கு எழுத வராது.

இரண்டிலும் இருக்கிறது. எழுத வராதவர்கள் குரல்பதிவு அனுப்பலாம், நாங்களே கேட்டு எழுதிக்கொள்வோம்.

என்கிட்ட சிவப்பு ஐசிதான் இருக்கு. என்னைச் சேர்த்துக்குவீங்களா?

சேர்த்துக்கொள்வோம். குடிமக்களுக்கு நீல ஐசி (அடையாள அட்டை), நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு; எந்த ஐசி என்று பாரத்தில் கேட்கவே இல்லை, வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து இன்னும் நிரந்தரவாசியாக, சில வீடுகளில் எந்த அட்டையும் இல்லாமல், வாழ்கிற ஆட்கள் தோட்டப்புறத்தில் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அரசாங்க மானியத்துக்கும் உதவித்தொகைக்கும் நீல ஐசி கேட்பார்கள், அங்கே நாம் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே முடியும். வங்கிக் கணக்கு இல்லாதவர்களும் இருப்பதால்தான் விருதுத்தொகையைக் காசோலையாகக் கொடுக்காமல் ரொக்கமாக உறையில் போட்டுக் கொடுக்கிறோம்.

நடுவர் யாரு? உங்க மச்சான் மாமன்தானே?

சின்ன ஊர், யாரை எடுத்தாலும் யாருக்காவது மச்சானாகத்தான் இருப்பார். அதனால் சொந்தம் இல்லாத நடுவரைத் தேடுவதை விட்டுவிட்டோம். நடுவர்களில் பாதிப் பேர் வெளியூர், மீதிப் பேர் உள்ளூர். தன் சொந்தக்காரர், தன் மாணவர், தன் கோயில் கமிட்டி ஆள் பெயர் வந்தால் அந்த நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், தேநீர் குடித்துவிட்டு வரட்டும். யார் யாருக்காக வெளியே போனார் என்பதை முடிவுகளோடு சேர்த்து எழுதி மண்டப வாசலில் ஒட்டிவிடுகிறோம். இதைவிடச் சுத்தமான வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

நடுவர்கள் மேடையில் பார்த்து மார்க் போடுவதில்லை. காவடிக்காரரைக் கொட்டகையிலும், தவில்காரரைக் கல்யாணத்திலும், பாட்டியை வீட்டுத் திண்ணையிலும் பார்ப்பார்கள். மேடையில் ஐந்து நிமிஷம் என்று வைத்தால் ஐந்து நிமிஷத்தில் கைதட்டல் வாங்கத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

பரதநாட்டியத்தையும் உறுமியையும் எப்படி ஒரே தராசுல வெப்பீங்க?

வைப்பதில்லை. முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு என்று எதுவும் கிடையாது, ஐந்து பேரும் சமம். நடுவர்களிடம் மூன்று விஷயம்தான் கேட்கிறோம்: இவர் எவ்வளவு காலமாக விடாமல் செய்கிறார், கைத்திறன் எப்படி, வேறு யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறாரா. மூன்றாவதுக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். பெரிய வித்துவான், ஆனால் சீவாளியை (நாதஸ்வரத்தில் ஊதுகிற நாக்கை) எப்படிச் சரிசெய்வது என்பதைக்கூட யாருக்கும் காட்டாமல் மூடிவைத்திருக்கிறார் என்றால், அவர் வாசிப்பைக் கேட்டு ரசிப்பேன், விருதுக்கு யோசிப்பேன்.

உறுமி மேளம்னாலே ரௌடிப் பசங்கன்னு சொல்றாங்களே, அவங்களுக்குப் போய் விருதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான். சில ஊர்வலங்களில் சண்டை நடந்தது உண்மை, கோயில்களும் போலீசும் நேரத்துக்கும் பாட்டுக்கும் உடைக்கும் கட்டுப்பாடு வைத்ததும் உண்மை. ஆனால் உறுமி அடிக்கத் தெரிந்தவனுக்குச் சண்டைபோட நேரம் ஏது? வலது பக்கத்தை வளையாத குச்சியால் அடிக்க வேண்டும், இடது பக்கத்து வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்க வேண்டும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் சத்தமே வராது, கூடினால் தோல் போய்விடும். அந்த உறுமல் சரியாக வருவதற்கே மாசக்கணக்கில் பழக வேண்டும், வீட்டில் அம்மா திட்டுவார்கள் என்பதால் பையன்கள் பனைமரத்துக்கு நடுவே போய்ப் பழகுகிறார்கள்.

குழுவாக முன்மொழிந்தால் பெரியவர் ஒருவர் பொறுப்பு எடுக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பரதப் பள்ளிக்கும் இதே விதிதான், உறுமிக்கு மட்டும் தனி விதி போட முடியாது.

சாவுக்கு அடிக்கிற தப்புக்கு மேடையில மாலையா? பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க.

ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நன்கொடை உறையை நீட்டிவிட்டு, தப்புக்காரர் பெயர் பட்டியலில் இருப்பது தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார். சரி, அவர் காசு அவர் இஷ்டம். தப்பு மேளம் தீட்டு என்று சொல்வது ஜாதியை வேறு பெயரில் சொல்வது, இதைச் சுற்றிவளைக்க நான் தயாராக இல்லை. கப்பலில் வந்தபோது எல்லாரும் ஒரே தளத்தில் உட்கார்ந்துதான் வந்தோம், லயத்துக்கு வந்ததும் இதையும் அவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

தப்புக்காரர் தீமூட்டித் தோலைக் காய்ச்சி, ஒரு தட்டு, ஒரு காய்ச்சல் என்று ஒலி ஏறுவதைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்கிற அந்தக் கால்மணி நேரத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவருக்கும் அதே மேடை, அதே நாற்காலி, அதே உறை. நிகழ்ச்சியில் வாசிக்க விருப்பமா என்று கேட்போம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

தமிழருக்கு மட்டும்தானா?

இல்லை. சிங்க நடனக் குழுவில் இருக்கிற சீனப் பையன்கள், குடா கெப்பாங் (ஜாவாக்காரர்களின் குதிரை நடனம்) ஆடுகிற ஜாவா வம்சாவளி பக்சிக் (பெரியவர்), யார் வேண்டுமானாலும் வரலாம், அதற்குத்தான் மலாய்ப் பாரம். ஆனால் உண்மையைச் சொன்னால் வருகிற பெயர்களில் ஏறக்குறைய எல்லாமே தமிழ்ப் பெயர்கள், ஏனென்றால் பாரம் நாம் போகிற இடங்களில்தான் கிடைக்கிறது. கோப்பிக் கடையிலும் பள்ளிவாசல் பக்கத்துக் கடையிலும் வைக்க ஆள் வேண்டும், முன்வருகிறவர்கள் சொல்லுங்கள்.

அரசாங்கமே விருது கொடுக்குதே, இது எதுக்கு?

கொடுக்கிறது. இலக்கியத்துக்கு 1981 முதல் தேசிய இலக்கியவாதி விருது இருக்கிறது, அது மலாய்மொழி எழுத்துக்கு. தமிழில் எழுதுகிறவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த வாசலுக்குள் போக முடியாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தில் உயிரோடு இருக்கிற ஒரு கலைஞரையே நாட்டின் மரபுச் சொத்தாக அறிவிக்க இடம் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் தோட்டத்து ஒப்பாரிப் பாட்டி அவ்வளவு தூரம் எட்ட ஆவணம் வேண்டும், பரிந்துரை வேண்டும், யாராவது ஆராய்ந்து எழுதியிருக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கு நம்மவர்களே நடத்துகிற பரிசுகள் உண்டு, முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர்களின் சேமிப்பில் வளர்ந்து, பிறகு இலக்கியத்துக்கும் கை கொடுத்தது.

ஊர் விருது அவற்றுக்குப் போட்டி இல்லை. முன்பு சொன்ன அந்த ஆவணத்தின் முதல் தாள் இங்கே உருவாகிறது: பெயர், தோட்டம், யாரிடம் கற்றார், பதிவு, புகைப்படம்.

காசு எதுக்கு? ஒரு பொன்னாடை, ஒரு ஹம்பர் கொடுத்தா போதாதா?

பொன்னாடையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வீட்டில் ஏற்கனவே பத்து இருக்கும், ஒன்றைத் துவைத்துத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் போட்டிருப்பார்கள். தவிலுக்குத் தோல் மாற்றவும், மயிலிறகு வாங்கவும், பொடியனைக் காடியில் (காரில்) ஏற்றிக்கொண்டு நிகழ்ச்சிக்குப் போகவும் காசுதான் வேண்டும். 500 வெள்ளி பெரிய தொகை இல்லை. ஆனால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இலவசமாகக் கோயிலுக்கு வாசித்த ஆளுக்கு, அந்த நாளுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று காட்டுகிறது.

காசு யார் கொடுக்கிறா? எங்க முதலாளி வரிக்கழிவு ரசீது கேட்கிறார்.

கடைக்காரர்கள், பழைய மாணவர்கள், வெளியூரில் இருக்கிற பிள்ளைகள். வரவு செலவு முழுவதையும் மண்டப வாசலில் ஒட்டுவோம், நடுவர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே. வரிக்கழிவு ரசீது தர முடியாது. வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் அதைக் கொடுக்கலாம், நாம் அந்த அளவுக்கு இல்லை. சாதாரண ரசீது உண்டு.

இதுக்குச் சங்கம் பதியணுமா? நாளைக்கு யாராவது புகார் கொடுத்தா?

1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரு அமைப்பாக இயங்கினால் பதிய வேண்டும். நாங்கள் புதிதாக ஒரு சங்கம் தொடங்கவில்லை, ஏற்கனவே பதிவான ஒரு சங்கத்தின் பெயரில் நடத்துகிறோம், கணக்கும் அவர்களின் ஆண்டுக் கூட்டத்தில் படிக்கப்படும். பக்கத்து ஊரில் இதேபோல் தொடங்க நினைப்பவர்களுக்கும் இதுதான் என் யோசனை: ஊரில் இருக்கிற சங்கம் போதும், புதிதாக ஒன்று வைத்தால் முதல் வருஷம் விருதைவிடத் தலைவர் பதவிக்குத்தான் அதிக அடிதடி. மண்டபம், ஒலிபெருக்கி, பொழுதுபோக்கு உரிமம் பற்றி ஊராட்சி மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், போலீஸ் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஒய்.பி.யைக் கூப்பிடுவீங்களா?

ஒய்.பி.க்கு, அதாவது நம்ம மக்கள் பிரதிநிதிக்கு, அழைப்பு அனுப்புவோம், வந்தால் மகிழ்ச்சி, முன்வரிசையில் உட்காரலாம். பேச்சு மூன்று நிமிஷம். விருதை அவர் கொடுக்க மாட்டார், அந்தக் கலைஞரிடம் கற்ற மாணவரோ அவருடைய பேரப்பிள்ளையோ கொடுப்பார்கள். எத்தனையோ நிகழ்ச்சிகளில் பார்த்தாயிற்று, பிரமுகர் வரத் தாமதமாகி, எழுபது வயது நாதஸ்வரக்காரர் பசியோடு நாற்காலியில் காத்திருந்து, கடைசியில் பெயரையும் தப்பாகக் கூப்பிட்டார்கள்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிஜிலில் தமிழிலும் ரூமியிலும் (ஆங்கில எழுத்திலும்) பெயர் இருக்கும். பிறப்புப் பத்திரத்தில் அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதியதுதான் இன்றுவரை ஐசியில் இருக்கிறது, வேலாயி பேலாயி ஆகிப்போன கதை எல்லா வீட்டிலும் உண்டு. ஆகவே ஐசியைப் பார்த்து அச்சடிப்பதில்லை. அச்சுக்குப் போகுமுன் வீட்டுக்குப் போய்க் காட்டி, "இப்படித்தானே?" என்று கேட்டபிறகுதான் அச்சு.

விருது விழாவுல பழைய சினிமாப் பாட்டுப் பாடினா காப்புரிமைப் பிரச்சினை வருமா?

வரலாம். 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி பாடலை உருவாக்கியவர் வாழ்நாளும் அதன்பிறகு 50 ஆண்டும் உரிமை இருக்கும், பொது நிகழ்ச்சியில் பாடவும் உரிமம் எடுக்க வேண்டும். "பழைய பாட்டுதானே" என்பது பதில் இல்லை. கல்யாணத்தில் யாரும் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நிகழ்ச்சியைப் படம்பிடித்து யூடியூபில் போடும்போதுதான் தலைவலி ஆரம்பம், பாட்டு வருகிற இடமெல்லாம் ஊமையாகிவிடும். ஆகையால் மேடையில் சொந்தப் பாட்டு, தோட்டத்துப் பாட்டு, கோயில் பாட்டு மட்டும் வைத்துக்கொள்கிறோம். சினிமாப் பாட்டில் பிழைக்கிற இசைக்குழுப் பாடகரையும் முன்மொழியலாம், அவரை நடுவர்கள் அவர் பாடுகிற இடத்தில் கேட்டுக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டரே வரைஞ்ச படத்தை அனுப்பலாமா?

வேண்டாம். கைத்திறனைப் பார்க்க வீட்டுக்கு வருவோம் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன், அப்போது என்ன காட்டுவீர்கள்?

செத்துப்போனவருக்குக் கொடுக்கலாமா? எங்க அப்பா கூத்து வாத்தியாரு.

ஐந்து விருதும் உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான். இதில் நான் பிடிவாதம். ஆனால் அப்பாவின் பெயர், எந்தத் தோட்டம், அரிச்சந்திரனா காமன் கூத்தா, கூட ஆடியவர்கள் யார், இருக்கிற படம், கைப்பட எழுதிய கூத்து நோட்டு, எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். நோட்டை எங்களிடம் கொடுத்துவிட வேண்டாம், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். விழா அன்று மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க இவைதான் இருக்கும். அப்பாவோடு ஆடியவர் யாராவது இன்னும் இருந்தால் அவர் பெயரை முன்மொழியுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு அவர் வேண்டாம்னு சொன்னா?

சொல்வார்கள். "எனக்கு எதுக்கு தம்பி, கொடுக்கிறதுன்னா கோயிலுக்குக் கொடு" என்பது வழக்கமான பதில். வற்புறுத்த மாட்டோம், பெயரையும் வெளியே சொல்ல மாட்டோம், அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். சிலர் மேடைதான் வேண்டாம் என்பார்கள், காரணம் பெரும்பாலும் முட்டிவலி, நல்ல சேலை இல்லாதது, அல்லது பேசச் சொல்வார்களோ என்ற பயம். அவர்களுக்கு வீட்டிலேயே கொடுக்கலாம். கூட்டிவர வண்டி அனுப்புகிறோம், யாரையும் பேசச் சொல்வதில்லை, மேடைக்குப் படி இல்லாமல் சரிவுப் பலகை வைத்திருக்கிறோம் என்பதைப் பாரம் நிரப்பும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நிரப்பிய பாரத்தைத் தமிழ்ப்பள்ளி அலுவலகத்திலோ உங்கள் கோயில் கமிட்டியிலோ கொடுக்கலாம், தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை வாங்குவோம்.